சொல்லிக்காட்ட மாட்டேன்!

கி.மு. 498. பாரசீகச் சக்கரவர்த்தி டேரியஸுக்கு ஒரு கெட்ட செய்தி வந்து சேர்ந்தது. அவருடைய சாம்ராஜ்யத்தின் மேற்குக் கோடியில், இன்றைய துருக்கியில் இருந்த ஸார்டிஸ் நகரத்தை எரித்துவிட்டார்கள். எரித்தது அந்தப் பகுதியில் இருந்த கிரேக்கக் கலகக்காரர்கள். அவர்களுக்குத் துணையாக 20 கப்பல்களில் கடல் தாண்டி வந்தவர்கள் ஏதென்ஸ்காரர்கள்.

ஏதென்ஸ் என்றால் யார் என்றே டேரியஸுக்குத் தெரியாது! விசாரித்துத்தான் தெரிந்துகொண்டார். சிந்து நதி வரை பரவிய சாம்ராஜ்யத்துக்கு முன்னால் அது ஒரு கொசு. ஆனால், கடித்த கொசுவை மறக்க சக்கரவர்த்தி தயாராக இல்லை. வேலைக்காரன் ஒருவனுக்கு உத்தரவு போட்டார்: தான் சாப்பிட உட்காரும் ஒவ்வொரு வேளையும், பக்கத்தில் வந்து மூன்று தடவை ஏதென்ஸ்காரர்களை ஞாபகப்படுத்த வேண்டும்!

கதையைச் சொல்பவர் ஹெரோடோட்டஸ். வேலைக்காரன் பாரசீக மொழியில்தான் சொல்லியிருப்பான். ஹெரோடோட்டஸ் எழுதியதோ கிரேக்கத்தில். அங்கே அவன் வாயில் வருகிற வார்த்தை 'மெம்னெயோ'. 'நினைவில் வை' என்று அர்த்தம். சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்பட்ட அந்த ஒற்றை வார்த்தை, கி.மு. 490-ல் மாரத்தான் கடற்கரையில் பாரசீகப் படையாக வந்து இறங்கியது.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது ராஜாக்களை அல்ல. அந்த வினைச்சொல்லை! "இலக்கண வகுப்பா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தச் சொல்லுக்காக ஒரு நாடக ஆசிரியர் அபராதம் கட்டியிருக்கிறார். ஒரு நகரமே உள்நாட்டு யுத்தத்திலிருந்து மீண்டிருக்கிறது. ஒரு மனிதரை விசாரணைகூட இல்லாமல் கொன்றிருக்கிறார்கள்.

முதலில் கொஞ்சமே கொஞ்சம் இலக்கணம்.

தமிழில் தன்வினை, பிறவினை உண்டு. 'திருந்தினான்' என்றால் தானே திருந்தியது. 'திருத்தினான்' என்றால் இன்னொருவரை. பண்டைய கிரேக்கத்தில் வினைச்சொற்களுக்கு 'நடுவினை' என்று ஒரு தனி வடிவமே உண்டு. செய்கிற காரியம் செய்பவரிடமே திரும்பி வரும்போது அதைப் பயன்படுத்துவார்கள். நாம் 'கொள்' என்று ஒரு ஒட்டுப் போட்டுச் சமாளிப்பதைப்போல. சொல்கிறேன், சொல்லிக்கொள்கிறேன் என்கிறோம் இல்லையா? அதுதான்.

'மிம்னேஸ்கோ' என்றால் நினைவூட்டுகிறேன். அதையே நடுவினையாக்கி 'மிம்னேஸ்கொமாய்' என்றால், எனக்கு நானே நினைவூட்டிக்கொள்கிறேன், அதாவது நினைத்துக்கொள்கிறேன். 'மெம்னேமாய்' என்று ஒரு வடிவமும் உண்டு. முதல் எழுத்தை இரட்டித்துச் சொன்னால், காரியம் முடிந்து அதன் பலன் இன்னும் நிற்கிறது என்று பொருள். 'நினைவில் வைத்திருக்கிறேன்' என்று நாம் சொல்வோமே, அதேதான். டேரியஸின் வேலைக்காரன் சொன்ன 'மெம்னெயோ' இந்த வடிவத்தின் கட்டளை. சும்மா ஒருமுறை நினைத்துப் பார் என்பதல்ல, நினைவிலேயே வைத்திரு!

இதன் வேர் நமக்கு அந்நியமில்லை. சம்ஸ்கிருதத்தின் 'மனஸ்', அது வழியாக நாம் தினமும் புழங்கும் 'மனசு', ஆங்கிலத்தின் 'மைண்ட்' எல்லாம் ஒரே குடும்பம். கிரேக்கர்கள் நினைவுக்கு 'நெமோஸினி' என்று ஒரு பெண் தெய்வத்தையே வைத்திருந்தார்கள். பாட்டு, நாடகம், சரித்திரம் எல்லாவற்றுக்கும் உரிய ஒன்பது கலைத் தேவதைகளுக்கு அவள்தான் அம்மா.

அப்படி நினைவைக் கும்பிட்ட அதே ஜனங்கள்தான், நினைவைக் கண்டு பயப்படவும் செய்தார்கள்.

கி.மு. 494-ல் ஏதென்ஸின் சொந்தபந்தமான மிலீட்டஸ் நகரத்தைப் பாரசீகர்கள் பிடித்தார்கள். ஆண்களில் பெரும்பாலோரை வெட்டினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக ஓட்டிப் போனார்கள். காயம் ஆறுவதற்குள், ஃப்ரினிகஸ் என்ற நாடக ஆசிரியர் இதையே ஒரு சோக நாடகமாக ஏதென்ஸில் மேடையேற்றினார். அரங்கமே கதறி அழுதது. இன்றைக்கென்றால் விருது கொடுத்திருப்பார்கள். ஏதென்ஸ் கொடுத்தது 1,000 டிராக்மா அபராதம்! 'இந்த நாடகத்தை இனி யாரும் போடக் கூடாது' என்று தடை வேறு. அந்த நூற்றாண்டின் கடைசியில் ஒரு நல்ல தச்சருக்கு நாள் கூலி 1 டிராக்மா. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்... கிட்டத்தட்ட மூன்று வருடச் சம்பளம்.

குற்றம்? சொந்தத் துயரத்தை நினைவூட்டியது. ஹெரோடோட்டஸ் இந்த இடத்தில் பயன்படுத்துவதும் நம் வினைச்சொல்லின் ஒரு வடிவத்தைத்தான். துயரத்துக்கு அவர் போடும் சொல் 'கக்கா'. தீமைகள், கெட்டவை என்று பொருள். இந்தச் சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால், நினைவையும் தீமையையும் சேர்த்து ஒட்டி கிரேக்கர்கள் இன்னொரு வினைச்சொல் வைத்திருந்தார்கள். 'ம்னேஸிகக்கெய்ன்'! தமிழ் நாக்குக்கு முதல் எழுத்திலேயே இடறும். அர்த்தம் மட்டும் நமக்கு நன்றாகப் புரியும். ஒருவர் செய்த தீமையை மனசில் வைத்திருந்து, சமயம் பார்த்து எடுத்து விடுவது. கறுவுவது. பழசைக் கிளறுவது. நம் வீடுகளில் 'சொல்லிக்காட்டுவது' என்கிறோமே... அதற்கு மிகப் பக்கத்தில் வருகிற வார்த்தை.

வெறுமனே நினைப்பது இதில் சேராது. நினைவை ஆயுதமாக எடுப்பதுதான் ம்னேஸிகக்கெய்ன்.

இந்தச் சொல் கி.மு. 411-ல் ஒரு காமெடி நாடகத்தில் வருகிறது. அரிஸ்டாஃபனிஸ் எழுதிய 'லிஸிஸ்ட்ராட்டா'. அப்போது ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் 20 வருடங்களாகச் சண்டை. இரண்டே வருடங்களுக்கு முன்னால், சிசிலித் தீவுக்கு அனுப்பிய மாபெரும் படை அப்படியே அழிந்துபோயிருந்தது. நாடகத்தில் ஓர் அரசாங்க அதிகாரியும் லிஸிஸ்ட்ராட்டா என்ற பெண்மணியும் வாக்குவாதம் செய்கிறார்கள். 'யுத்தத்தில் உங்களுக்கு என்ன பங்கு?' என்கிற தொனியில் அதிகாரி எகிற, 'பிள்ளைகளைப் பெற்று, சிப்பாய்களாக அனுப்பி வைத்ததே நாங்கள்தான்' என்கிற ரீதியில் அவள் ஆரம்பிக்கிறாள். உடனே அதிகாரி வாயை மூடச் சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை சேர்க்கிறார்: 'மே ம்னேஸிகக்கேஸேஸ்'. பழசைக் கிளறாதே!

காமெடிதான். ஆனால், அரங்கத்தில் இருந்தவர்களுக்குத் தொண்டையை அடைத்திருக்கும். பிள்ளைகளை அனுப்பி வைத்தவர் அதிகாரி. பறிகொடுத்தவள் தாய். 'மறந்துடு' என்று உத்தரவு போடுபவர் யார்? அனுப்பி வைத்தவர்!

இங்கே வினைச்சொல் முன்னிலையில் இருப்பதைக் கவனியுங்கள். 'நீ' சொல்லிக்காட்டாதே. தப்பில் பங்குள்ளவர், பாதிக்கப்பட்டவரைப் பார்த்துச் சொல்வது.

எட்டே வருடங்கள். அதே சொல் அதே ஊரில் வேறு வேஷம் கட்டி வந்தது. அதற்கு முன்னால் ரத்தம் சிந்த வேண்டியிருந்தது.

கி.மு. 404. ஏதென்ஸ் தோற்றது. பட்டினியில் சுருண்டு, ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது. புல்லாங்குழல் இசை முழங்க, நகரத்தின் நீண்ட மதில்களை இடித்தார்கள். ஜனநாயகம் கலைக்கப்பட்டது. ஸ்பார்ட்டாவின் ஆசியோடு 30 ஏதென்ஸ்காரர்கள் ஆட்சியில் அமர்ந்தார்கள். சரித்திரம் அவர்களை 'முப்பது கொடுங்கோலர்கள்' என்று அழைக்கிறது. தலைவர், கிரிட்டியாஸ். பிளேட்டோவின் நெருங்கிய உறவினர். ஒரு காலத்தில் சாக்ரடீஸோடு சுற்றியவர். படித்த, பண்புள்ள குடும்பத்து ஆசாமி!

எட்டு மாதங்களில் சுமார் 1,500 பேரைக் கொன்றார்கள். முதலில் அரசியல் எதிரிகள். அப்புறம் பணக்காரர்கள். கஜானா காலி என்றதும், வெளியூரிலிருந்து வந்து ஏதென்ஸில் தொழில் செய்தவர்கள் பக்கம் கண் போனது.

லிஸியாஸ் என்பவரின் குடும்பம் அதில் மாட்டியது. பூர்விகம் சிசிலி. ஏதென்ஸில் கேடயம் செய்யும் பட்டறை, 120 அடிமைத் தொழிலாளர்கள் என்று வசதியான குடும்பம். லிஸியாஸைப் பிடிக்க வந்தவர் பெயர் பீஸன். 'ஒரு டாலண்ட் வெள்ளி கொடுத்தால் விட்டுவிடுகிறேன்' என்று சத்தியம்கூடச் செய்தார். லிஸியாஸ் பெட்டியைத் திறக்க, உள்ளே மூன்று டாலண்ட் வெள்ளி, 500 தங்கக் காசுகள், நான்கு வெள்ளிக் கிண்ணங்கள். சத்தியமாவது ஒன்றாவது... மொத்தத்தையும் வழித்துக்கொண்டார் பீஸன். லிஸியாஸ் ஒரு வீட்டின் பின்பக்கமாக நழுவி, மெகாரா நகரத்துக்குக் கடல்வழி தப்பினார். அண்ணன் போலமார்க்கஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முப்பதில் ஒருவரான எரட்டோஸ்தனிஸ் அவரைத் தெருவிலேயே மடக்கினார். என்ன குற்றம் என்றுகூடச் சொல்லாமல், விஷக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். குடும்பத்துக்கு மூன்று வீடுகள் இருந்தும், ஒன்றிலிருந்துகூட பிணத்தை எடுக்க அனுமதிக்கவில்லை. ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்துக் கிடத்தினார்கள். போர்த்தத் துணி கொடுத்தவர் ஒரு நண்பர், தலையணை கொடுத்தவர் இன்னொருவர். போலமார்க்கஸின் மனைவி காதில் கிடந்த தங்கத் தோடுகளையும் வந்தவர்கள் கழற்றிக்கொண்டார்கள்.

இப்படி எத்தனை வீடுகள்!

நாடு கடந்தவர்களில் த்ராஸிபூலஸ் என்ற தளபதியும் ஒருவர். தீப்ஸ் நகரத்திலிருந்து சுமார் 70 பேரோடு கிளம்பி, ஃபைலி என்ற மலைக்கோட்டையைப் பிடித்தார். 70, 700 ஆனது. 700, 1,000 ஆனது. கி.மு. 403-ல் துறைமுகப் பகுதியில் இருந்த ம்யூனிக்கியா குன்றில் பெரும் மோதல். கிரிட்டியாஸ் அங்கேயே விழுந்தார்.

சண்டை ஓய்ந்ததும் ஒரு அபூர்வமான காட்சி. பிணங்களை எடுத்துக்கொள்ள இரு தரப்பும் நெருங்கி வந்தன. த்ராஸிபூலஸ் பக்கம் இருந்த க்ளியோக்ரிட்டஸ் என்பவர், கோயில் சடங்குகளில் கட்டியம் கூறுபவர், வெண்கலக் குரல்காரர், எதிரே நின்றவர்களைப் பார்த்துப் பேசினார். 'ஒரே கோயிலில் கும்பிட்டோம், ஒன்றாகப் படித்தோம், ஒன்றாக ஆடினோம், ஒரே படையில் நின்றோம். எங்களை ஏன் கொல்கிறீர்கள்?' என்பதுதான் சாரம். பத்து வருட யுத்தத்தில் எதிரிகள் கொன்றதைவிட, இந்த முப்பது பேர் எட்டு மாதங்களில் கொன்றது அதிகமாக இருக்கும் என்றும் சொன்னார்.

கடைசியில் ஸ்பார்ட்டா ராஜா பாஸேனியஸின் மத்தியஸ்தத்தில் சமரசம் ஏற்பட்டது. நாடு கடந்தவர்கள் ஊருக்குள் திரும்பினார்கள்.

இப்போது நிலைமையை யோசித்துப் பாருங்கள். தகப்பனைக் காட்டிக்கொடுத்தவன் எதிர்வீட்டில் இருக்கிறான். உங்கள் நிலத்தை அமுக்கியவன் சந்தையில் எதிரே வருகிறான். கையில் ஆயுதம் இருக்கிறது, ஜெயித்த திமிரும் இருக்கிறது. அடுத்த ரவுண்டு ரத்தக்களரிக்கு எல்லாம் தயார்!

ஏதென்ஸ் அங்கேதான் நின்றது. நின்று, ஒவ்வொரு குடிமகனும் ஒரு சத்தியம் செய்தான்: 'ஊ ம்னேஸிகக்கேஸோ'. சக குடிமகன் எவன் மீதும் பழைய தீமையை நான் கிளற மாட்டேன்.

'நீ கிளறாதே' அல்ல. 'நான் கிளற மாட்டேன்'. தன்மை, ஒருமை, எதிர்காலம்!

அந்தச் சத்தியத்தில் 'மன்னிக்கிறேன்' என்ற சொல் இல்லை. 'மறந்துவிடுகிறேன்' என்ற சொல்லும் இல்லை. கில்லாடிகள்! அண்ணனைப் பறிகொடுத்தவனிடம் போய் 'மற' என்றால் எப்படி மறப்பான்? மனசுக்கு உத்தரவு போட எந்தச் சட்டத்தாலும் முடியாது. நாக்குக்குப் போடலாம். கோர்ட் வாசலுக்குப் போடலாம். ஏதென்ஸ் செய்தது அதைத்தான். உனக்குள் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஆயுதமாக வெளியே எடுக்காதே.

விதிவிலக்குகளும் உண்டு. முப்பது பேரும், அவர்களுடைய முக்கியக் கையாட்களும் இந்தப் பாதுகாப்புக்குள் வர மாட்டார்கள். ஆனால், அவர்களில் யாராவது பதவிக்காலத்துக்கு முறைப்படி கணக்கு ஒப்புவிக்க முன்வந்தால், வரலாம். தன் கையாலேயே கொலை செய்தவன் மீது வழக்குப் போடலாம். 6,000 ஜூரர்கள் பதவியேற்கும்போதெல்லாம் இந்தச் சத்தியத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். பழசைக் கிளற மாட்டோம் என்பதை வருடா வருடம் ஞாபகமாகச் சொல்ல வேண்டியிருந்தது!

வேடிக்கை என்னவென்றால், சத்தியம் நின்றது. முப்பது பேர் ஸ்பார்ட்டாவிடம் 100 டாலண்ட் கடன் வாங்கியிருந்தார்கள். ஆறு லட்சம் டிராக்மா! எங்களைக் கொல்வதற்கு வாங்கிய கடனை நாங்கள் கட்டுவதா என்று ஜனநாயகவாதிகள் கேட்டிருக்கலாம். அவரவர் கடனை அவரவரே கட்ட வேண்டும் என்றுதான் ஒப்பந்தமும் சொன்னது. ஆனாலும், எல்லோரும் சேர்ந்து கட்டினார்கள். த்ராஸிபூலஸும், அவரோடு திரும்பி வந்த அனிட்டஸும் ஏராளமான சொத்தை இழந்தவர்கள். யார் காட்டிக்கொடுத்தார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நகரத்திலேயே செல்வாக்குள்ள அந்த இருவரும் ஒரு வழக்குக்கூடப் போடவில்லை என்று ஐஸாக்ரட்டீஸ் பதிவு செய்திருக்கிறார்.

'ஆஹா!' என்று கைதட்டத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

திரும்பி வந்தவர்களில் ஒருவன் வாயைத் திறந்துவிட்டான். பெயர் தெரியாது. பழசைக் கிளற ஆரம்பித்தான். ஆர்க்கினஸ் என்ற தலைவர், ஜனநாயகத்துக்காகப் போராடியவர்தான், அவனை இழுத்துக்கொண்டு போய் மன்றத்தில் நிறுத்தினார். 'இவனை விட்டால் எல்லோரும் ஆரம்பிப்பார்கள், கொன்றால் எல்லோரும் அடங்குவார்கள்' என்று வாதாடினார். விசாரணை இல்லாமலே கொன்றார்கள். அரிஸ்டாட்டில் பெயரில் உள்ள 'ஏதென்ஸ் அரசியலமைப்பு' நூல், அதற்குப் பிறகு யாருமே கிளறவில்லை என்று திருப்தியோடு சொல்கிறது. அங்கேயும் நம் வினைச்சொல்தான். 'எம்னேஸிகக்கேஸென்'. படர்க்கை, இறந்தகாலம்.

விசாரணையில்லாமல் கொல்வது முப்பது பேரின் பாணி. அந்தப் பாணியை ஒழித்துவிட்டதாக அறிவித்த ஆட்சி, அந்த அறிவிப்பைக் காப்பாற்ற அதே பாணியில் ஒருவனைக் கொன்றது. 'நான் கிளற மாட்டேன்' என்ற சத்தியத்துக்குப் பின்னாலேயே, 'நீ கிளறினால் தொலைந்தாய்' வந்து நின்றுவிட்டது.

ஸாலமிஸ் தீவைச் சேர்ந்த லியோன் என்று ஒருவர். ஒரு குற்றமும் செய்யாதவர். அவரைப் பிடித்து வரும்படி முப்பது பேர் ஐந்து பேரை ஏவினார்கள். அதில் ஒருவர் சாக்ரடீஸ்! அவர் மட்டும் 'முடியாது' என்று வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் போய் லியோனைப் பிடித்து வந்தார்கள், அவர் கொல்லப்பட்டார். சமரசத்துக்குப் பிறகு, பிடித்து வந்தவன் ஏதென்ஸ் தெருக்களில் நடமாடிக்கொண்டிருந்தான். லியோனின் பிள்ளைகளால் அவன் மீது கொலை வழக்குப் போட முடியவில்லை. கி.மு. 403-க்குப் பிறகு நடந்ததற்கு மட்டும்தான் சட்டம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஆண்டாஸிடீஸ் என்பவர் கோர்ட்டிலேயே இதை உதாரணமாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஊர் நிம்மதியாகத் தூங்கியது. அந்தப் பிள்ளைகள் தூங்கினார்களா?

லிஸியாஸுக்கு மட்டும் ஒரு சந்து கிடைத்தது. எரட்டோஸ்தனிஸ் முப்பதில் ஒருவர் இல்லையா? ஊரிலேயே தங்கினார், கணக்கு ஒப்புவித்தாக வேண்டும். லிஸியாஸ் அந்த மனிதருக்கு எதிராக எழுந்தார். கொட்டகை, தலையணை, காதுத் தோடு எல்லாம் நமக்குத் தெரிவது அந்தப் பேச்சின் மூலமாகத்தான். எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால், போலமார்க்கஸ் என்ற மனிதரின் கடைசி நாள் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

சாக்ரடீஸ்? அவர் கதைதான் நாம் படித்திருக்கிறோமே. கி.மு. 399-ல் வழக்கு. நகரத்தின் தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்று குற்றச்சாட்டு. குற்றம் சாட்டியவர்களில் முக்கியமானவர், ஒரு வழக்குக்கூடப் போடாமல் சத்தியத்தைக் காப்பாற்றினாரே... அதே அனிட்டஸ்! கிரிட்டியாஸின் பெயர் குற்றப் பத்திரிகையில் இல்லை. ஆனால் சுமார் 50 ஆண்டுகள் கழித்து, ஈஸ்கினிஸ் என்ற பேச்சாளர் கோர்ட்டில் போகிற போக்கில் போட்டு உடைத்தார்: முப்பதில் ஒருவரான கிரிட்டியாஸுக்குப் பாடம் சொன்னவர் என்பதால்தானே சாக்ரடீஸை நீங்கள் கொன்றீர்கள்!

சட்டம் நாக்கைத்தான் கட்டியது. மனசு வேறு வழி பார்த்துக்கொண்டது என்று பல சரித்திர ஆசிரியர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் ஒன்று... இத்தனை ஓட்டைகளோடும் அந்தச் சமரசம் ஊரைக் காப்பாற்றியது. ஏதென்ஸின் ஜனநாயகம் அதற்குப் பிறகு 80 ஆண்டுகள் நடந்தது. அதைக் கவிழ்க்க மாஸிடோனியப் படை வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து யாரும் கவிழ்க்கவில்லை.

பிற்காலத்தில் இந்தச் சமரசத்துக்கு ஒரு பெயர் வந்தது. 'அம்னேஸ்டியா'. 'நினைவின்மை' என்று சொல்லலாம். நம் வினைச்சொல்லின் அதே வேர்தான், முன்னால் இல்லை என்கிற 'அ'. ஆங்கிலத்தில் 'ஆம்னஸ்டி' ஆகி, நம் பத்திரிகைகளில் 'பொது மன்னிப்பு' என்று மொழிபெயர்ந்து நிற்பது இதுதான். சத்தியத்தில் மன்னிப்பும் இல்லை, மறதியும் இல்லை என்று பார்த்தோம். கிரேக்கர்களின் பெயர்ச்சொல் மறதியைச் சேர்த்தது. நம் மொழிபெயர்ப்பு மன்னிப்பைச் சேர்த்தது!

கி.மு. 44-ல் ஜூலியஸ் சீஸர் குத்திக் கொல்லப்பட்ட இரண்டாம் நாள், ரோமாபுரி செனட்டில் எழுந்த சிசரோ, ஏதென்ஸின் உதாரணத்தைக் காட்டிச் சமரசம் பேசினார். கிரேக்கச் சொல்லையே பயன்படுத்தியதாகப் பிறகு அவரே சொல்லிக்கொண்டார். செனட் ஏற்றது. ஆனால், ரோமில் யாரும் தனக்குத்தானே சத்தியம் செய்துகொள்ளவில்லை. அடுத்த வருட டிசம்பரில் சிசரோவின் தலையையும் கையையும் வெட்டி, அவர் வழக்கமாகப் பேசும் மேடையிலேயே மாட்டி வைத்தார்கள்.

1977-ல் ஸ்பெயின். சர்வாதிகாரி ஃப்ராங்கோ இறந்து இரண்டு வருடம். நாடாளுமன்றம் ஒரு பொது மன்னிப்புச் சட்டம் போட்டது. அரசியல் கைதிகள் வெளியே வந்தார்கள். சித்ரவதை செய்த அதிகாரிகளும் தப்பித்தார்கள். ஜனநாயகம் பிழைத்தது. உள்நாட்டு யுத்தத்தில் சுட்டுப் புதைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், 2000-க்குப் பிறகு மண்வெட்டியோடு தாத்தாக்களின் எலும்பைத் தேடிக் கிளம்பினார்கள். 2007-லும் 2022-லும் நினைவுக்காகவே சட்டங்கள் போட வேண்டியிருந்தது.

தென்னாப்பிரிக்கா 1995-ல் வேறு மாதிரி யோசித்தது. 'செய்ததை முழுதாக ஒப்புக்கொள், அப்புறம் விடுவிப்பதைப் பற்றிப் பார்க்கலாம்' என்றது சட்டம். கொலைகாரன் எழுந்து 'நான் செய்தேன்' என்று ஊரறியச் சொல்ல வேண்டும். அப்போதும் எல்லோரும் ஏற்கவில்லை. போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பீகோவின் குடும்பம், 'எங்கள் நீதியை விட்டுக்கொடுக்க நீங்கள் யார்?' என்று அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 1996-ல் தோற்றது.

அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. இலக்கணக் கேள்வியும்கூட!

'பொது மன்னிப்பு' என்பது பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லில் ஒரு வசதி... அதில் எழுவாய் தேவையில்லை. யார் மன்னித்தது, யாரை, யாருடைய இழப்புக்காக என்று எதுவும் சொல்லாமலே செய்தித்தாளின் தலைப்பில் கம்பீரமாக உட்கார்ந்துவிடும். வினைச்சொல்லால் அப்படித் தப்பிக்க முடியாது. 'நானா, நீயா, அவனா?' என்று கேட்டுவிடும்.

அடுத்த முறை எங்கேயாவது யாராவது பழசைக் கிளற வேண்டாம் என்று சொல்லக் கேட்டால், உலக அரசியலாக இருக்கட்டும், உங்கள் வீட்டுப் பாகப் பிரிவினையாக இருக்கட்டும், சொல்கிறவர் யார் என்று மட்டும் பாருங்கள். பறிகொடுத்தவர் 'நான் கிளற மாட்டேன்' என்று சொன்னால், அதைவிடப் பெரிய மனசு உலகத்தில் கிடையாது. பறித்தவர் 'நீ கிளறாதே' என்று சொன்னால், அது அந்தக் காமெடி நாடகத்து அதிகாரியின் குரல்.

இரண்டும் ஒரே வினைச்சொல்தான். ஆள்தான் வேறு!